கடலுக்கும் காற்றுக்கும் இடையில் தண்ணீர் எப்படிப் போய்வருகிறது? டிரிட்டியத்தை வைத்து அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

லஞ்ச ஒழிப்புத் துறையினர் ரசாயனப் பொடி தடவிய ரூபாய் நோட்டைக் கொடுத்து ஆளைப் பிடிப்பார்கள். எந்தக் கையில் பொடி ஒட்டியிருக்கிறதோ, அந்தக் கை வழியாக அந்தப் பணம் போயிருக்கிறது. தண்ணீருக்கும் இப்படி ஒரு பொடி உண்டு. அதன் பெயர் டிரிட்டியம். ஹைட்ரஜனின் கதிரியக்க ஓரிடத்தான் அது, அதாவது அதே ஹைட்ரஜன்தான், எடை மட்டும் கூடுதல். தண்ணீரில் கரைந்து கிடப்பதோ மிதந்து வருவதோ கிடையாது. தண்ணீர் மூலக்கூறின் உள்ளேயே ஓர் உறுப்பாக உட்கார்ந்திருக்கும். ஆவியானால் கூடவே ஆவியாகும், மழையானால் கூடவே விழும். உப்பு, சாயம் போன்று தண்ணீரில் கரைக்கும் அடையாளப் பொருள்களுக்கு இந்தத் தகுதி கிடையாது. உப்பைக் கரைத்துவிட்டால் நீராவியோடு அது மேலே போகாது, சட்டியிலேயே தங்கிவிடும்.

இதைச் சொன்னதும் பலரும் பதறிப்போய்க் கேட்பது, "அப்படியென்றால் கதிரியக்கப் பொருளைக் கடலில் கொட்டுவீர்களா?" என்றுதான். யாரும் எதையும் கொட்ட வேண்டியதில்லை. பொடியை ஏற்கெனவே இயற்கையும் அணுகுண்டும் தடவிவிட்டன. அது எங்கே எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுவது மட்டும்தான் நம் வேலை.

முதலில் அலகைப் புரிந்துகொள்ளுங்கள்

பத்தாயிரம் கோடி கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றே ஒன்று டிரிட்டியமாக இருந்தால் அது ஒரு டிரிட்டியம் அலகு. கேட்க ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரில் இந்த விகிதத்தில் சுமார் 6.7 கோடி டிரிட்டிய அணுக்கள் இருக்கும். அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், 12.32 ஆண்டுகள் என்பதால், அவற்றில் நிமிடத்துக்கு ஏழு அணுக்கள் மட்டும் சிதையும். கதிரியக்கக் கணக்கில் லிட்டருக்கு 0.118 பெக்கரல் (நொடிக்கு ஒரு சிதைவு என்றால் ஒரு பெக்கரல்). இந்த 'நிமிடத்துக்கு ஏழு' என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வகப் பகுதியில் இது நம்மைப் பாடாய்ப் படுத்தும்.

இயற்கையான டிரிட்டியம் எங்கிருந்து வருகிறது? அண்டக்கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் நைட்ரஜனைத் தாக்கும்போது உண்டாகிறது. பெரும்பங்கு, மேகங்கள் உலவும் அடுக்குக்கு மேலே உள்ள ஸ்ட்ரேட்டோஸ்பியரில். அங்கிருந்து கீழே இறங்கி, நீராவியோடு கலந்து, மழையாகிறது. பூமி முழுவதும் இப்படி இயற்கையாக இருப்பது வெறும் சில கிலோகிராம். 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த 'காசில் பிராவோ' ஹைட்ரஜன் குண்டும், அதற்குப் பின் 1961, 1962-இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் போட்டி போட்டு வெடித்தவையும் சேர்ந்து சில நூறு கிலோவை மேலே ஏற்றிவிட்டன. கனடாவின் ஒட்டாவாவில் 1953 முதல் மழைநீரின் டிரிட்டியத்தை அளந்துவருகிறார்கள். 1963-இல் அங்கே அது பல ஆயிரம் அலகுகளைத் தொட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வளிமண்டலச் சோதனைகளுக்குத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்பின் மழையில் டிரிட்டியம் இறங்கிக்கொண்டே வந்தது. பெரும்பாலான குண்டுகள் வடக்கு அரைக்கோளத்தில் வெடித்ததால் தெற்கில் உச்சம் மிகக் குறைவாகவே இருந்தது.

குண்டு வெடித்ததை யாரும் நல்ல காரியம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் கடலியலாளர்களுக்கு அது தற்செயலாகக் கிடைத்த மாபெரும் பரிசோதனை. தேதி தெரிந்த ஒரு பெரிய சாயத் தொட்டியை யாரோ வானத்தில் கவிழ்த்துவிட்டது போல.

படி 1: எந்த மூன்று தொட்டிகள்?

வேலையைத் தொடங்கும் முன் ஒரு தாளில் மூன்று தொட்டிகள் வரையுங்கள். மேல் வளிமண்டலம், இங்கே டிரிட்டியம் மிக அதிகம். நிலத்தின் மேலுள்ள காற்று, இது நடுத்தரம். கடல், இது மிகக் குறைவு. கடல் ஏன் குறைவு என்றால் அது ஆழமானது. மேலே விழுகிற டிரிட்டியம் கீழே உள்ள பழைய தண்ணீரோடு கலந்து நீர்த்துப்போகிறது. இன்று பெருங்கடலின் மேல்நீரில் 1 அலகை ஒட்டியோ அதற்குக் கீழோதான் கிடைக்கும்.

முறையின் உயிர் இந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது. கடலில் இருந்து எழும் நீராவி 'சுத்தமான நோட்டு'. மேலிருந்தும் நிலத்திலிருந்தும் வருவது 'பொடி தடவிய நோட்டு'. காற்றில் உள்ள நீராவியைப் பிடித்து அளந்தால், அதில் எவ்வளவு கடல் கலந்திருக்கிறது என்று சொல்லலாம். வித்தியாசம் பெரிதாக இருக்கும் இடத்தையும் காலத்தையும் தேர்ந்தெடுக்காவிட்டால் எவ்வளவு நுட்பமாக அளந்தும் பயனில்லை.

படி 2: இடமும் பருவமும்

வடக்கு அரைக்கோளத்தில் வசந்தத்தின் பிற்பகுதியிலும் கோடைத் தொடக்கத்திலும் ஸ்ட்ரேட்டோஸ்பியர் காற்று கீழே கசிகிறது. அப்போது மழையில் டிரிட்டியம் ஏறும். ஆண்டுக்கு ஒருமுறை மேலே உள்ள தொட்டியின் குழாயைத் திறந்துவிடுவது போல. அளவீட்டைத் திட்டமிடும்போது இந்தப் பருவ ஏற்றத்தைக் கணக்கில் எடுக்காதவர்கள், கடல் செய்த மாற்றத்தையும் பருவம் செய்த மாற்றத்தையும் குழப்பிக்கொள்வார்கள்.

இடம் என்றால், அயர்லாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள வேலன்சியாவையும் ஐரோப்பாவின் உள்ளே இருக்கும் வியன்னாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் சர்வதேச அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் சேர்ந்து 1961 முதல் நடத்தும் மழைநீர் ஓரிடத்தான் வலையமைப்பில் உள்ளவை. வேலன்சியாவில் அட்லாண்டிக் காற்று நேராகக் கரையேறுகிறது, டிரிட்டியம் குறைவு. உள்நாட்டுக்குப் போகப் போக அளவு ஏறுகிறது. காரணம், கரையைத் தாண்டிய காற்றுக்குக் கடலின் நீர்த்தல் கிடைப்பதில்லை, மேலிருந்து வரும் டிரிட்டியம் மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது. நம் பக்கத்தில் மும்பையும் டெல்லியும் இந்த வலையமைப்பின் பழைய நிலையங்கள். பருவமழைக் காலத்தில் அரபிக் கடல் காற்று வந்து இறங்கும் மும்பைக்கும், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் டெல்லிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது ஒரு தொடக்கநிலை மாணவருக்கு நல்ல பயிற்சி. தரவுகள் பொதுவில் கிடைக்கின்றன, கப்பல் ஏற வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் அளக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் கனநீர் உலை வகை. கனநீரில் உள்ள டியூட்டீரியம் நியூட்ரானை விழுங்கினால் டிரிட்டியம் ஆகும். அதனால் இந்த வகை உலைகளின் அருகே காற்றிலும் மழையிலும் டிரிட்டியம் இயற்கை அளவைவிடக் கூடுதலாக இருக்கும். ஆரோக்கியத்துக்கான வரம்புகளோடு பார்த்தால் இது சிறியது. ஆனால் 2 அலகுக்கும் 3 அலகுக்கும் வித்தியாசம் தேடுகிற ஆளுக்கு அது குழியில் தள்ளும். காற்று எந்தத் திசையில் அடித்தது என்ற குறிப்பு இல்லாமல் அந்தக் கரையில் எடுத்த மாதிரியை நான் நம்ப மாட்டேன்.

படி 3: மாதிரி எடுத்தல்

*மழைநீர்.* ஒரு லிட்டர் பாட்டில், இறுக்கமான மூடி, கழுத்துவரை நிரப்பணும். மழைமானியில் தண்ணீர் நாள்கணக்கில் கிடந்தால் ஆவியாகும், அல்லது சுற்றுக் காற்றின் ஈரத்தோடு கலந்துவிடும். புனலிலிருந்து ஒரு மெல்லிய குழாயைப் பாட்டிலின் அடிவரை இறக்கிவிட்டால் காற்றுத் தொடர்பு வெகுவாகக் குறையும். எந்த ரசாயனமும் சேர்க்க வேண்டாம். டிரிட்டியத்தை எந்தக் கிருமியும் தின்றுவிடாது.

*கடல்நீர்.* மேல்நீருக்குச் சாதாரண வாளியே போதும், கப்பலின் கழிவுநீர் வெளியேறும் பக்கத்தில் இறக்காமல் இருந்தால். ஆழத்துக்கு, வேண்டிய ஆழத்தில் மூடிக்கொள்ளும் நிஸ்கின் பாட்டில்கள்.

*காற்றின் நீராவி.* இதுதான் கஷ்டமான பகுதி, நிதானமாகப் பார்ப்போம். 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் உள்ள கடற்கரைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். பகுப்பாய்வுக்கு அரை லிட்டர் தண்ணீர் வேண்டும் என்றால் 22 கன மீட்டர் காற்றை வடிகட்ட வேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் இழுக்கும் சிறிய பம்ப் வைத்தால் 36, 37 மணி நேரம். அதாவது ஒன்றரை நாள் ஒரே மாதிரிக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். இடையில் காற்றின் திசை மாறிவிட்டால் மாதிரி 'சாம்பார்' ஆகிவிடும். பெரிய பம்ப் வாங்குங்கள், காசு மிச்சப்படுத்த வேண்டிய இடம் இதுவல்ல.

காற்றை உலர்பனியும் ஆல்கஹாலும் கலந்த, சுழியத்துக்குக் கீழே 78 டிகிரி குளிரில் மூழ்கிய கண்ணாடிக் குழாய் வழியாக அனுப்பினால் நீராவி பனியாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். முதல் முறை செய்பவர் எல்லோரும் செய்யும் தவறு, குறுகிய குழாயை வைப்பது. நுழைவாயிலிலேயே பனி சேர்ந்து அரை மணியில் அடைத்துக்கொள்ளும். முதல் குழாய் அகலமாகவும் அதன்பின் இன்னொன்று காவலாகவும் இருக்க வேண்டும். திரவ நைட்ரஜனை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் குளிரில் காற்றின் ஆக்சிஜனும் திரவமாகி உள்ளே தேங்கும், அது ஆபத்தான சங்கதி.

விமானத்தில் உலர்பனியோடு போராட முடியாது. அங்கே 'மூலக்கூறு சல்லடை' எனப்படும் நுண்துளைத் துகள்கள் நிரம்பிய குப்பி. காற்று உள்ளே போகும்போது நீராவியை மட்டும் துகள்கள் பிடித்துக்கொள்ளும். பிறகு ஆய்வகத்தில் சூடாக்கி வடித்தெடுப்பார்கள். இதில் ஒரு கண்ணி உண்டு: சல்லடைக்கு ஞாபகசக்தி இருக்கிறது. போன முறை பிடித்த தண்ணீரின் மிச்சம் அடுத்த மாதிரியில் ஏறும். முன்கூட்டியே நன்றாகச் சூடாக்கி உலர்த்த வேண்டும்.

எந்த வழியானாலும் நீராவியை முழுவதும் பிடிக்க வேண்டும். பாதி பிடித்து மீதி தப்பித்தால், கனமான டிரிட்டிய நீர் முதலில் உறைந்து, இலேசான தண்ணீர் பறந்துவிடும், அளவு பொய் சொல்லும்.

அப்புறம் கைக்கடிகாரம். சிரிக்காதீர்கள், இது உண்மையான எச்சரிக்கை. இருட்டில் ஒளிரும் முள் கொண்ட சில கடிகாரங்களிலும் திசைகாட்டிகளிலும், கட்டடங்களில் தொங்கும் 'வெளியேறும் வழி' பலகைகளிலும் டிரிட்டியம் ஒளிச்சக்திக்காக அடைக்கப்பட்டிருக்கும். பிளாஸ்டிக் வழியாக அது மெல்லக் கசியும். நான் பயிற்சி பெற்ற ஓர் ஆய்வகத்தில், கடல் மாதிரிகள் திடீரென்று பத்து மடங்கு அலகைக் காட்டத் தொடங்கின. மூன்று வாரம் வாலைக்கருவியைக் கழுவினோம், ரசாயனத்தை மாற்றினோம், ஆளுக்கு ஆள் குறை சொன்னோம். கடைசியில் மாதிரிகள் வைத்திருந்த அலமாரியின் கீழ்த்தட்டில் யாரோ விட்டுப்போன பழைய ஒளிரும் திசைகாட்டி கிடந்தது. அன்றிலிருந்து அறைக்குள் வரும் யாருடைய மணிக்கட்டையும் நான் பார்க்காமல் விடுவதில்லை. அமெரிக்க ஆய்வுக் கப்பல்களில் பயணத்துக்கு முன் துடைப்புப் பரிசோதனை செய்து டிரிட்டிய மாசும், உயிரியலாளர்கள் பயன்படுத்தும் கார்பன்-14 மாசும் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் இருக்கிறது. அது வீண் சடங்கல்ல என்று அந்த மூன்று வாரத்தில் புரிந்தது.

படி 4: எண்ணும் முன் செறிவூட்டு

'நிமிடத்துக்கு ஏழு' நினைவிருக்கிறதா? ஒரு லிட்டருக்குத்தான் ஏழு. எண்ணும் குப்பியில் 10 மில்லி மட்டுமே போடலாம். அப்படியானால் 0.07. கருவி அதில் கால்பங்கைத்தான் பார்க்கும், ஆக நிமிடத்துக்கு 0.018 எண்ணிக்கை. கருவியின் பின்னணி இரைச்சலே நிமிடத்துக்கு ஒன்றுக்கு அருகில். கல்யாண வீட்டு மேளச் சத்தத்தில் கொசு ரீங்காரத்தைத் தேடுவது போலாகும்.

எனவே தண்ணீரைக் குறுக்க வேண்டும். முதலில் காய்ச்சி வடித்து உப்பை நீக்குங்கள், கடல்நீருக்கு இது கட்டாயம். பிறகு சோடியம் பெராக்சைடைச் சேர்த்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். சாதாரண ஹைட்ரஜன் எளிதாக வாயுவாகிப் போய்விடும். கனமான டிரிட்டியம் பெருமளவு திரவத்திலேயே தங்கும். 500 மில்லியைச் சுமார் 20 மில்லியாகக் குறுக்கினால் செறிவு ஏறத்தாழ 20 மடங்கு ஏறும். 6 ஆம்பியர் மின்னோட்டத்தில் இதற்குப் பத்து நாள் ஆகும். மின்கலங்களைச் சுழியத்துக்குச் சற்று மேல் குளிரில் வைத்திருக்க வேண்டும். வெப்பம் ஏறினால் பிரிப்புத் திறனும் குறையும், தண்ணீர் ஆவியாகவும் போகும். வெளியேறுவது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த கலவை, வெடிக்கும். காற்றோட்டக் குழாய் இல்லாத அறையில் இதைத் தொடங்கவே கூடாது.

குறுக்கிய தண்ணீரில் மீதமுள்ள காரத்தை ஈயக் குளோரைடால் சமனாக்கி, மறுபடி காய்ச்சி வடித்து, கதிரியக்கத் துகள் பட்டால் மின்னும் ஒளிர்வுத் திரவத்தோடு கலந்து, அந்த மின்னல்களை எண்ணும் கருவியில் வைப்பார்கள். டிரிட்டியத்தின் பீட்டா துகளின் அதிகபட்ச ஆற்றலே 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான். ஒரு தாளைக்கூடத் துளைக்காது. ஆகவே ஒளிர்வுத் திரவத்தோடு நேரடியாகக் கலப்பதைத் தவிர வழியில்லை. இப்போது 1 அலகு மாதிரி நிமிடத்துக்கு 0.36 எண்ணிக்கை தரும். ஆயிரம் நிமிடம் எண்ணினால் 360 எண்ணிக்கை. பின்னணி ஆயிரம். புள்ளியியல் பிழை பத்து சதவீதத்துக்குச் சற்று மேல். பல நாள் உழைப்புக்கு இவ்வளவுதான் பலன் என்று ஏமாற்றமாகத் தோன்றலாம்.

இன்னும் நுட்பம் வேண்டுமென்றால் 1976-இல் கிளார்க், ஜென்கின்ஸ், டாப் ஆகியோர் கொண்டுவந்த வழி இருக்கிறது. டிரிட்டியம் சிதைந்தால் ஹீலியம்-3 ஆகும். தண்ணீரிலுள்ள ஹீலியம் முழுவதையும் வெளியேற்றி, காற்றுப் புகாமல் அடைத்து ஆறு மாதமோ அதற்கு மேலோ காத்திருங்கள். உள்ளே புதிதாகச் சேர்ந்த ஹீலியம்-3ஐ, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறைமாலைமானியில் எண்ணுங்கள். சிதைவைப் பார்ப்பதற்குப் பதிலாகப் பிள்ளையை எண்ணுவது. ஒரு அலகின் நூறில் ஒரு பங்கையும் தொட முடியும். பொறுமைதான் விலை.

வெற்று மாதிரியாக, டிரிட்டியம் எல்லாம் சிதைந்து தீர்ந்த பல ஆயிரம் ஆண்டுப் பழைய நிலத்தடி நீரையே எல்லாக் கட்டங்களிலும் கூடவே அனுப்புங்கள். அதில் டிரிட்டியம் வந்தால் தவறு உங்கள் வேலையில்.

ஒரு நிஜக் கதை: புயலுக்குள் போன சல்லடை

ஸ்வீடனிலிருந்து மயாமி பல்கலைக்கழகத்துக்கு வந்து அங்கே டிரிட்டிய ஆய்வகத்தை நடத்தியவர் யோத்தே ஓஸ்ட்லுண்ட். 1960-களில் மழையிலும் மேல்காற்றிலும் குண்டு டிரிட்டியம் மிகுந்திருந்தது. கடல்மேல்நீரில் அதைவிடப் பன்மடங்கு குறைவு. வித்தியாசம் இதைவிடப் பெரிதாக வேறெப்போதும் இருந்ததில்லை. அவர் கேட்ட கேள்வி எளிது: அட்லாண்டிக் புயலுக்கு எரிபொருளான நீராவி, சுற்றிலும் இருந்து இழுத்ததா, அல்லது புயலுக்கு அடியிலேயே கடலிலிருந்து எழுந்ததா?

1964-இன் ஹில்டா, 1965-இன் பெட்சி, 1966-இன் ஃபெய்த் என்று புயல்களின் நீராவியைப் பிடித்து அளந்தார்கள். ஃபெய்த் புயல் ஆப்பிரிக்காவை ஒட்டி எழுந்து, அட்லாண்டிக்கைக் கடந்து, வடக்கே ஃபேரோ தீவுகள் பக்கம்வரை போன நெடும் பயணி. ஆய்வு விமானங்கள் புயலுக்குள் புகுந்தன, சல்லடைக் குப்பிகள் நிறைந்தன. முடிவு தெளிவாக இருந்தது. கண்ணை நெருங்க நெருங்க, தாழ்வான உயரங்களில் டிரிட்டியம் இறங்கியது. வெளியேயும் உயரத்திலும் ஏறியது. அதாவது, புயலின் மையப் பகுதியில் கடல்நீர் கணிசமாகக் கலந்திருக்கிறது. புயல் தன் காலடிக் கடலிலிருந்து எவ்வளவு நீராவியை எடுக்கிறது என்று மழைமானியால் அளக்க முடியாத ஒன்றை, ஒரு ஹைட்ரஜன் குண்டின் எச்சம் அளந்து காட்டியது.

படி 5: கணக்கு, இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்

முதல் கணக்கு எளிது. நிலத்திலிருந்து கிளம்பிய நீராவியில் 10 அலகு, கடலில் 1 அலகு, கடலின் மேல் ஓரிடத்தில் பிடித்ததில் 4.3 அலகு என்று வைத்துக்கொள்வோம். கடலின் பங்கு: பத்தில் இருந்து 4.3ஐக் கழி, 5.7. பத்தில் இருந்து ஒன்றைக் கழி, 9. முதலாவதை இரண்டாவதால் வகு. 63 சதவீதம். இங்கேயே நிறுத்திவிட்டு, "காற்றின் ஈரத்தில் 63 சதவீதம் கடல் ஆவியானதால் சேர்ந்தது" என்று எழுதினால் தவறு.

ஏன்? கோயம்பேடு பேருந்து நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 1,600 பேர் உள்ளே வருகிறார்கள், 1,200 பேர் வெளியே போகிறார்கள். கூட்டம் கூடியது 400தான். ஆனால் முகங்கள் எல்லாம் மாறியிருக்கும். கடல் மேற்பரப்பும் இப்படித்தான். தண்ணீர் மேலே மட்டும் போவதில்லை. அதே கணத்தில் காற்றின் நீராவி மூலக்கூறுகள் கீழே வந்து கடலில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. நாம் 'ஆவியாதல்' என்று சொல்வது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான்.

எண்ணில் பார்ப்போம். ஈரப்பதம் 75 சதவீதம், நிகர ஆவியாதல் நாளுக்கு 4 மில்லிமீட்டர். மேலே போகும் மொத்த ஓட்டம், நிகரத்தை 'ஒன்றிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்த மீதி'யால் வகுத்தால் கிடைக்கும். நான்கை கால்பங்கால் வகு: 16 மில்லிமீட்டர். கீழே வருவது 12. கடலை ஒட்டிய 600 மீட்டர் காற்றடுக்கில் மொத்த நீராவியே 11 மில்லிமீட்டருக்குச் சமானம். சேர்ந்த நிகர ஈரம் மேலே மேகங்களுக்குப் போய், அடுக்கின் மொத்த அளவு மாறாமல் இருக்கிறது என்று கொண்டால், பதினாறரை மணி நேரத்தில் டிரிட்டியம் 10-இல் இருந்து 4.3க்கு இறங்கிவிடும். அந்தப் பதினாறரை மணியில் நிகரமாக எழுந்தது 2.75 மில்லிமீட்டர், அதாவது அடுக்கின் ஈரத்தில் கால்பங்கு. 63க்கும் 25க்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள்.

"இந்த மூலக்கூறுகள் எங்கிருந்து வந்தவை?" என்பது கேள்வியானால் 63 சதவீதம் சரி. "கடல் எவ்வளவு ஈரத்தைக் காற்றுக்குக் கொடுத்தது?" என்பதானால் 25 சதவீதம். டிரிட்டியம் முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும். இரண்டாவதற்கு ஈரப்பதம், காற்றின் வேகம், வெப்பநிலை எல்லாம் கூட வேண்டும். ஈரப்பதத்தைக் குறிக்காமல் எடுத்த டிரிட்டிய மாதிரி பாதி மாதிரிதான் என்று நான் சொல்வது இதனால்தான். கடல்மேல் ஈரப்பதம் 75-இல் இருந்து 80 ஆனாலே, அதே நிகர ஆவியாதலுக்கு மொத்த ஓட்டம் 16-இல் இருந்து 20 ஆகிவிடுகிறது.

எதிர்த்திசையிலும் இதே பாடம். வளிமண்டல டிரிட்டியம் கடலுக்குள் மழையாகத்தான் நுழைகிறது என்று நினைப்போம். பெருங்கடல்மேல் சராசரி மழை நாளுக்கு மூன்று மில்லிமீட்டருக்கு அருகில். ஆனால் நீராவி மோதி ஒட்டுவது 12. தாழ்வான நீராவியில் டிரிட்டியம் மழையைவிடக் குறைவு என்பதைக் கழித்துக்கொண்டாலும், மழை வாசலைவிட நீராவி வாசலே பெரியது. 1980-இல் வைஸ், ரோதர் இருவரும் உலகப் பெருங்கடல்களுக்குக் கணக்குப் போட்டபோதும் இதையே கண்டார்கள். மழை மிகக் குறைவாகப் பெய்யும் துணை வெப்பமண்டலக் கடல்களிலும் டிரிட்டியம் சேர்வதை இந்த வாசல் விளக்குகிறது.

இன்னொரு சிறிய திருத்தம்: டிரிட்டிய நீர் கொஞ்சம் கனம் என்பதால் சாதாரண நீரைவிடச் சற்றே தயக்கத்தோடு ஆவியாகும், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாக. முதல் கட்டக் கணக்கில் விடலாம், இறுதிக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படி 6: துணைக்கு இருவர்

ரேடான்-222, அரை ஆயுள் 3.82 நாள். மண்ணிலிருந்து கிளம்பும் கதிரியக்க வாயு, கடல் தரும் அளவு மிகச் சொற்பம். உங்கள் மாதிரிக் காற்றில் ரேடான் அதிகமாக இருந்தால், அந்தக் காற்று சமீபத்தில்தான் நிலத்தைத் தாண்டி வந்திருக்கிறது. டிரிட்டியம் 'எவ்வளவு கலந்தது' என்றால், ரேடான் 'எத்தனை நாளாயிற்று' என்று சொல்லும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால் மேலே போட்ட நேரக் கணக்கைச் சோதிக்கலாம்.

பெரிலியம்-7, அரை ஆயுள் 53 நாள். இதுவும் அண்டக்கதிர் பிள்ளை. தூசியில் ஒட்டி மழையோடு கடலில் விழும். தண்ணீர் மூலக்கூறில் அது இல்லாததால் ஆவியாதலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் விழுந்த மழைநீர் கடலின் மேலடுக்கில் எவ்வளவு ஆழம் கலக்கிறது என்று காட்டும். காமா கதிர் விடுவதால் அளப்பதும் எளிது.

மேல்நீர் ஆழத்துக்கு இறங்கிய பிறகு டிரிட்டியமும் ஹீலியம்-3உம் சேர்ந்து கடிகாரம் ஆகின்றன. மேற்பரப்பில் ஹீலியம் காற்றுக்குத் தப்பிவிடுகிறது, கடிகாரம் சுழியம். கீழே மூடப்பட்டதும் ஹீலியம்-3 சேர ஆரம்பிக்கும். 1970-களில் நடந்த ஜியோசெக்ஸ் கடற்பயணங்களும் பின்னாளில் 1990-களின் வோஸ் பயணங்களும் குண்டு டிரிட்டியம் எந்த ஆழம்வரை போய்ச் சேர்ந்தது என்பதைப் பெருங்கடல் பெருங்கடலாக வரைந்தன. அது தனி வழிகாட்டிக்கான விஷயம்.

இன்றைக்குச் செய்பவருக்கு

குண்டு டிரிட்டியத்தின் காலம் முடிந்துவிட்டது. 1963-இல் இருந்த ஒவ்வொரு 32 அணுவிலும் ஒன்றுதான் 2025-இல் மீதி. மழை இன்று பெரும்பாலான இடங்களில் இயற்கை அளவுக்கு அருகில். ஓஸ்ட்லுண்டுக்கு இருந்த அந்தப் பெரிய வித்தியாசம் நமக்கு இல்லை, அதனால் கருவியின் நுட்பம் கூட வேண்டும். மறுபக்கம், குண்டுத் தூசி அடங்கியதால் பருவ ஏற்றமும் அண்டக்கதிர் மாற்றமும் இப்போது தெளிவாகத் தெரிகின்றன.

ஃபுகுஷிமா பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். 2023 ஆகஸ்ட் 24 முதல் அங்கே சுத்திகரித்த நீரைக் கடலில் விடுகிறார்கள். வெளியேற்றும் நீருக்கு அவர்களே வைத்த வரம்பு லிட்டருக்கு 1,500 பெக்கரல், நம் அலகில் சுமார் 12,700. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 10,000 பெக்கரல். பயமுறுத்தும் அளவல்ல. ஆனால் அந்தக் கரையை ஒட்டிய கடல்நீரை 'சுத்தமான நோட்டு' என்று கணக்கில் எடுத்தால் பதில் கெட்டுப்போகும்.

கடைசியாக, பாட்டிலின் மேல் எழுதுவது. இடம், அட்சரேகை, காற்றின் திசை, வெப்பநிலை, ஈரப்பதம், நேரம். குறிப்பாகத் தேதி. மூடியை எவ்வளவு இறுக்கினாலும் டிரிட்டியம் ஆண்டுக்குச் சுமார் 5.5 சதவீதம் உள்ளேயே சிதைந்து குறைந்துகொண்டிருக்கும். அளந்த நாளுக்கும் எடுத்த நாளுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் திருத்த வேண்டும். தேதி அழிந்த பாட்டிலை அலமாரியில் வைத்துக்கொண்டு என்னென்னவோ யோசித்துப் பார்த்தவன் சொல்கிறேன்: தண்ணீர் பட்டால் அழியாத பேனாவால், மூடியில் எழுதாமல் பாட்டிலின் உடம்பில் எழுதுங்கள். மூடிகள் மாறிவிடும்.